விக்கா ஒட்டவில்லை என்றால்: பழைய விட்ச்கிராஃப்ட்டில் எந்த வழியில் இறங்கலாம்?

சித்தி மகள் லண்டனில் படிக்கிறாள். விக்கா என்ற, 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த விட்ச்கிராஃப்ட் (மாந்திரீக) மதத்தைப் பற்றி ஒரு வருடம் வாசித்து, ஒரு குழு வெளியாட்களையும் சேர்த்து நடத்திய சடங்குக்கும் போய்வந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, எனக்கு அது ஒட்டவே இல்லை. அதுக்கு வெளியே பழைய விட்ச்கிராஃப்ட் வேற இருக்குன்னு சொல்றாங்க, அதுலயே நாலைஞ்சு வகை இருக்காம், நான் எதுல இறங்குறது?" என்றாள். நாற்பது நிமிடம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள், அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முடிவை முன்னாலேயே சொல்கிறேன், காரணங்களை அப்புறம் படியுங்கள். தனி ஆளாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் கார்ன்வால், டெவன் பக்கத்து ஊர்களில் இருந்த கன்னிங் வழிதான், அதாவது ஊரில் மந்திரிக்கிறவர்களின் வழிதான் சரி. நம்பக்கூடிய மூன்று நான்கு பேர் கூட இருந்தால், 1960-களில் இங்கிலாந்தில் ராபர்ட் காக்ரேன் என்பவர் விட்டுச்சென்ற வழி. ஃபெரி என்ற அமெரிக்க வழி, நல்ல ஆசிரியர் அமைந்தால் மட்டும். கனவை மையமாக வைத்த சபாட்டிக் வழியை வாசியுங்கள், அதில் ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் சொல்லைப் பற்றி. விட்ச்கிராஃப்ட்டைச் சூனியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம் ஊரில் சூனியம் என்றால் அடுத்தவர் குடியைக் கெடுக்க வைப்பது. அதை எடுத்துத் தருகிற மந்திரவாதியைப் பார்த்துச் சூனியக்காரர் என்று கூப்பிட்டால் அவர் சும்மா விடமாட்டார். இங்கிலாந்திலும் கணக்கு கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. கன்னிங் மேன், கன்னிங் வுமன் என்று ஊரார் அழைத்தவர்கள் காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள், திருடன் யார் என்று குறி பார்த்தார்கள், மாட்டுக்கும் மனிதருக்கும் வந்த நோய்க்கு மந்திரித்தார்கள். இதற்கெல்லாம் மேலாக, யாரோ விட்ச் வைத்த கேட்டை எடுத்துத் தருவது அவர்களுடைய முக்கியமான வேலையாக இருந்தது. அதாவது விட்ச் அவர்களுக்கு எதிராளி. இன்றைக்குத் தன்னை மரபு விட்ச் என்று சொல்லிக்கொண்டு கன்னிங் ஆட்களைத் தன் மூதாதையர் என்கிறவர், ஒரு காலத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் சேர்த்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விக்காவிலிருந்து இவை எங்கே பிரிகின்றன என்பதையும் பார்த்துவிடலாம். விக்காவை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர், 1884-இல் பிறந்து 1964-இல் இறந்தவர். வாலிப வயதில் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார், பிறகு மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்திலும் சுங்கத் துறையிலும் இருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். (நம் மலையகத் தமிழர்கள் கொழுந்து பறித்த மலைகளில்தான் இவருடைய முதல் வேலை என்பது எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.) 1939-இல் நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய குழுவில் தனக்குத் தீட்சை கிடைத்தது என்றார். 1735-ஆம் ஆண்டின் விட்ச்கிராஃப்ட் சட்டத்தை 1951-இல் நீக்கியதும் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார். கத்தியால் வட்டம் போடுவது, நான்கு திசைகளையும் அழைப்பது, ஆடையில்லாமல் நிற்பது, மூன்று படி தீட்சை, ஒரு தேவி, கொம்புள்ள ஒரு தேவன், வருடத்துக்கு எட்டு விழா, யாருக்கும் தீங்கு செய்யாதே என்ற விதி. இதுதான் விக்காவின் சட்டகம்.

மரபு வழி என்று சொல்கிறவர்கள் இதில் பலவற்றை விட்டுவிடுகிறார்கள். தீங்கு செய்யாதே என்ற எழுதிய விதி அவர்களுக்குக் கிடையாது, குணப்படுத்துகிற கைதான் சபிக்கவும் செய்யும் என்பார்கள். எங்கும் நிறைந்த தேவியைவிட இந்தக் குன்று, இந்த ஊற்று, இந்தக் கல்லறைத் தோட்டம் என்று இருக்கிற இடத்தின் ஆவிகளோடுதான் உறவு. இறந்தவர்களுக்குப் பங்கு வைப்பது, துணை ஆவி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது, வெளியிடத்தில் இரவில் வேலை செய்வது, எளிய கருவிகள், கனவை முக்கியமாக எடுத்துக்கொள்வது. குலதெய்வத்துக்கும் எல்லைச்சாமிக்கும் பழகிய மனசுக்கு இது விக்காவைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அனுபவம். தங்கைக்கும் அதனால்தான் விக்கா ஒட்டவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த மரபு வழிகளில் ஒன்றுகூட, இன்றைக்கு இருக்கிற வடிவத்தில், 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது என்று நிரூபிக்கப்பட்டதில்லை. 1921-இல் மார்கரெட் முர்ரே என்ற அறிஞர், விட்ச் என்று கொல்லப்பட்டவர்கள் எல்லாம் ஒளிந்து வாழ்ந்த ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று எழுதினார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் அதை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிவிட்டார்கள், ரொனால்டு ஹட்டன் அதில் முக்கியமானவர். ஆனால் மந்திரச் சொற்கள், காப்புப் பொருள்கள், ஊற்று வழிபாடு, ஆவிகளோடு பேசுவது, இந்தச் சரக்கெல்லாம் நிஜமாகவே பழையது. செங்கல் பழசு, வீடு புதுசு. எது எவ்வளவு பழைய செங்கல் என்பதை எந்த வழி நேர்மையாகச் சொல்கிறது என்பதைத்தான் நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன், கீழே நான்கையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

தென்மேற்கின் கன்னிங் வழி

கார்ன்வாலில் பெல்லர் என்ற சொல் உண்டு, மந்திரித்துக் கேட்டை விரட்டுகிறவர். ஹெல்ஸ்டனில் டாம்சின் பிளைட் என்ற பெண் இருந்தார், 1798-இல் பிறந்து 1856-இல் இறந்தவர், பெயர் பெற்ற பெல்லர். ஹெல்ஸ்டன் பெல்லரிடம் வருடா வருடம் வசந்த காலத்தில் சுற்றுவட்டார மக்கள் வந்து தங்கள் காப்பைப் புதுப்பித்துக்கொண்டு போனதாக 19-ஆம் நூற்றாண்டு நாட்டார் கதைத் தொகுப்புகளில் இருக்கிறது. கிழக்கே எசெக்ஸில் ஹாட்லி என்ற ஊரில் ஜேம்ஸ் முரல் என்ற செருப்புத் தைக்கிறவர், 1860-இல் இறந்தவர், ஊர்க் கொல்லரிடம் இரும்புப் புட்டி செய்யச் சொல்லி அதில் நோயாளியின் சிறுநீர், முடி, நகம், ஊசி எல்லாம் போட்டு நெருப்பில் வைப்பார். புட்டி வெடித்தால் கேடு வைத்தவளின் பிடி விட்டது என்று கணக்கு.

இதெல்லாம் கதைதானே என்று தோன்றும். 2004-இல் கிரீனிச்சில் மண்ணுக்கடியில் 17-ஆம் நூற்றாண்டுக் களிமண் சாடி ஒன்று மூடி திறக்காமல் அப்படியே கிடைத்தது. ஆய்வகத்தில் திறந்தார்கள். 12 இரும்பாணி, 8 பித்தளைக் குண்டூசி, ஒரு கற்றை முடி, வெட்டிய நகத் துண்டுகள், கந்தகம், இதய வடிவில் வெட்டி ஆணி குத்திய தோல் துண்டு ஒன்று, இவற்றோடு சிறுநீர். அந்தச் சிறுநீரில் நிகோட்டினின் தடமும் இருந்தது, யாரோ புகையிலை பிடித்தவர். முந்நூறு வருடத்துக்கு மேலாக மண்ணில் கிடந்த ஒருவருடைய பயம் அப்படியே கையில் கிடைத்த மாதிரி. அந்த ஆய்வை வாசித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கன்னிங் வழிக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு இதுதான் காரணம்: சொல்வதற்குப் பக்கத்தில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்கிறது.

இதில் அன்றாடம் செய்வது என்ன? கடற்கரையில் இயல்பாகவே ஓட்டை விழுந்த கல் கிடைக்கும், ஹேக் ஸ்டோன் என்பார்கள். அதைக் கயிற்றில் கோத்துத் தலைமாட்டிலோ தொழுவத்திலோ கட்டினால் இரவில் வந்து அமுக்குவது வராது என்பார்கள். சிவப்புப் பழக் கொத்து விடுகிற ரோவன் மரத்தின் இரண்டு சுள்ளிகளைச் சிலுவையாக வைத்துச் சிவப்பு நூலால் கட்டி வாசலில் மாட்டுவது இன்னொன்று. மரு போக வேண்டுமா, பச்சை மொச்சைக் காயின் தோலின் உட்பக்கத்தால் தேய்த்துவிட்டு அந்தத் தோலைப் புதைத்துவிடுவார்கள், அது மண்ணில் மக்க மக்க மருவும் உதிரும் என்பது நம்பிக்கை. தென்மேற்கில் மருவுக்கும் படர்தாமரைக்கும் ரத்தக் கசிவுக்கும் மந்திரிக்கிற சார்மர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் நன்றாகவே இருந்தார்கள். அவர்களுடைய ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: காசு வாங்கக் கூடாது, வந்தவர் நன்றி சொல்லக் கூடாது, மந்திரத்தை ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும்தான் கொடுக்க வேண்டும். நம் ஊரில் தேள்கடிக்கு மந்திரிக்கிறவர் காசு வாங்கினால் மந்திரம் பலிக்காது என்பார்களே, கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

சங்கடமான இடம் ஒன்று உண்டு. இந்த மந்திரங்களில் பெரும்பாதி கிறிஸ்தவ வாசகங்கள். ரத்தம் நிறுத்த எசேக்கியேல் 16-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்தைச் சொல்வார்கள், பைபிளுக்குள் சாவியைச் செருகித் திருடனுக்குக் குறி பார்ப்பார்கள், சபிப்பதற்குச் சங்கீதம் 109. கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்றைத் தேடி வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். நான் அந்த வசனங்களை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். சொன்னவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், அதைப் பிடுங்கிவிட்டு ஏதோ தேவியின் பெயரை ஒட்டினால் அது அவர்களுடைய மந்திரமாக இருக்காது. பைபிளே ஆகாது என்கிறவர்கள் வேறு வழி பார்ப்பது நல்லது, தினமும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

படிக்கிற இடத்துக்கும் குறை இல்லை. கார்ன்வாலின் பாஸ்காசில் துறைமுகத்தில் விட்ச்கிராஃப்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. செசில் வில்லியம்சன் 1951-இல் ஐல் ஆஃப் மேன் தீவில் ஆரம்பித்தது, கார்ட்னரும் முதலில் அங்கேதான் இருந்தார், பிறகு இருவரும் பிரிந்தார்கள். வில்லியம்சன் சில ஊர்கள் மாறி 1960-இல் பாஸ்காசிலுக்கு வந்தார். 2004 ஆகஸ்டில் ஊரையே புரட்டிப்போட்ட வெள்ளம் அருங்காட்சியகத்துக்குள்ளும் புகுந்தது, அப்படியும் பெரும்பாலான பொருள்கள் பிழைத்துக்கொண்டன. நான் போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். ஊசி குத்திய துணிப் பொம்மை. செய்தவரின் தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது, அவசரத்தில் செய்ததாகத் தெரியவில்லை, ஒவ்வொரு தையலிலும் யாரையோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபம் இவ்வளவு பொறுமையாக இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காக்ரேனின் வழி

ராபர்ட் காக்ரேன் என்பது புனைபெயர், சொந்தப் பெயர் ராய் போவர்ஸ். 1931-இல் பிறந்தார். 1960-களில், தன் வழி குடும்பத்தில் வந்தது, கார்ட்னருடையது புதிதாகக் கட்டியது என்று கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தவர். க்ளான் ஆஃப் டூபால் கெயின் என்று தன் குழுவுக்குப் பெயர் வைத்தார், பைபிளில் வரும் முதல் கொல்லன் பெயர் அது. குடும்ப மரபு என்றதற்கு நம்பும்படியான சான்று எதுவும் இதுவரை வரவில்லை. ஆனால் சடங்கைக் கட்டுவதில் இவருக்கு இருந்த திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இரண்டையும் உள்ளேயிருந்து பார்த்தவர் டோரீன் வேலியன்ட். 1953-இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்று, விக்காவின் அழகான வாசகங்கள் பலவற்றை எழுதியவர், 1957-இல் பிரிந்து, 1964 வாக்கில் காக்ரேனிடம் வந்தார். கார்ட்னரின் வட்டத்தைவிட இங்கே சடங்கு எளிமையாகவும் வேகமாகவும் காட்டுக்குப் பக்கத்திலும் இருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. ஆடையில்லாமல் நிற்பது கிடையாது, கறுப்பு அங்கி. பலிபீடத்துக்குப் பதிலாக ஸ்டாங் என்ற கவட்டைக் கம்பு, அடியில் இரும்பு அடித்தது, தரையில் ஊன்றி நிறுத்தினால் அதுதான் தெய்வம், அதுதான் கோவில். வட்டம் போடுவதைக் காம்பஸ் போடுவது என்பார்கள். மையத்தில் நெருப்போ கம்போ இருக்க, அதன்மேல் பார்வையை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே சீராகச் சுற்றிச் சுற்றி நடப்பது மில் மிதிப்பது, செக்கு சுற்றுகிற மாதிரி. அரை மணி நேரத்தில் கால் தானாக நடக்கும், மூச்சு வேறு மாதிரி ஆகும், குளிர் தெரியாது. கடைசியில் ரொட்டியும் ஒயினும் தரைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. இதை நான் தெரிந்தவர்கள் மூன்று பேரோடு ஓர் அக்டோபர் இரவில் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், தனியாகச் செய்தால் அந்த வேகம் வரவே வராது. இந்த வழிக்கு ஆட்கள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம் நடந்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. காக்ரேன் கார்ட்னர் ஆட்களைத் தொடர்ந்து வசைபாடியது வேலியன்டுக்குச் சலித்துப்போனது, குழுவுக்குள் காக்ரேனுக்கு இன்னொரு பெண்ணோடு உறவு ஏற்பட்டு மனைவி விலகிப்போனார், குழு உடைந்தது. வேலியன்டும் கிளம்பிவிட்டார். 1966 கோடையில் காக்ரேன் பெல்லடோனா என்ற விஷச் செடியை உட்கொண்டு இறந்தார், 35 வயது. அவருக்குப் பின் இவான் ஜான் ஜோன்ஸ் க்ளானைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் ஜோ வில்சன் என்பவருக்குக் காக்ரேன் எழுதிய கடிதங்களிலிருந்து 1734 என்ற வழி ஒன்று கிளைத்தது. 1734 என்பது வருடம் கிடையாது, ஒரு எண் புதிர். விடையை யாரும் நேராகச் சொல்லித் தரமாட்டார்கள், கடிதங்களைப் படித்துப் படித்து நீங்களே வந்து சேர வேண்டும். புதிர் போட்டுக் கற்பிப்பது இந்த வழி முழுக்க இருக்கிறது, சிலருக்கு அதுவே போதை மாதிரி ஆகிவிடும், சிலருக்கு மூன்றாம் மாதமே எரிச்சல் வரும்.

ஆக, யாருக்கு இது? கூட நடக்க ஆட்கள் இருக்கிறவர்களுக்கு, அந்த ஆட்களில் யாரும் தன்னைப் பெரிய குருவாக நினைக்காதவரை. ஒரே ஆள் கையில் எல்லாம் இருந்தால் குழு என்ன ஆகும் என்பதற்கு இந்த வழியின் சொந்தக் கதையே இருக்கிறது.

ஃபெரி

இது இங்கிலாந்தைச் சேர்ந்ததில்லை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா. விக்டர் ஆண்டர்சன், அவர் மனைவி கோரா. விக்டர் சிறுவயதிலிருந்தே கண்பார்வை பெரும்பாலும் இல்லாதவர், 1926-இல் ஓரிகனில் ஒரு மூதாட்டி தனக்குத் தீட்சை கொடுத்தார் என்று சொன்னார், 2001-இல் இறந்தார். நட்சத்திர தேவி என்ற மூலசக்தி, மனிதருக்கு மூன்று ஆன்மா என்ற கொள்கை, காமம், பெருமை, சுயம், ஆற்றல், வேட்கை என்ற ஐந்தையும் உடம்பில் ஓடவிடும் இரும்பு ஐங்கோணப் பயிற்சி, இதெல்லாம் இதன் சிறப்பு. மூன்று ஆன்மாக் கொள்கையை ஹவாய் மக்களின் மரபு என்று பேசிவந்தார்கள். உண்மையில் ஹவாய் பெயரை வைத்து 20-ஆம் நூற்றாண்டில் ஓர் அமெரிக்கர் எழுதிய ஹூனா புத்தகங்களோடுதான் அது ஒத்துப்போகிறது. என் முதல் அளவுகோலில் ஃபெரி பின்தங்குவது இங்கேதான்.

ஆனால் கலா என்று ஒரு சின்னச் சடங்கு உண்டு, அதை எந்த வழிக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்து, மனசில் முட்டி நிற்கிற கோபமோ வெட்கமோ எதுவோ அதை மூச்சோடு அந்தத் தண்ணீருக்குள் விட வேண்டும். பிறகு அந்தத் தண்ணீர் ஒளியாக மாறுவதாகப் பாவித்து, அதைக் கொட்டாமல் குடித்துவிட வேண்டும். உங்கள் சக்தி உங்களுடையது, அழுக்கு என்று வெளியே வீசாதே, மாற்றி உள்ளே எடு. அப்பா தவறின வருடம் தினமும் காலையில் இதை மட்டும்தான் செய்தேன், வேறு எதற்கும் தெம்பு இருக்கவில்லை.

ஃபெரியில் சிக்கல் ஆசிரியர்தான். ஒருவருக்கு ஒருவராக, வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் தீட்சை தருகிற மரபு, காசு வாங்கிக் கூட்டமாகக் கற்பிக்கலாமா என்பதில் உள்ளுக்குள் பெரிய பிளவே வந்தது. உடம்பின் ஆசைகளை நேராகத் தொடுகிற பயிற்சி என்பதால், ஆசிரியர் சரியில்லை என்றால் அடி பலமாக விழும். முகம் தெரிந்த, அவரிடம் முன்பு படித்தவர்களோடு நீங்கள் பேசிப்பார்த்த ஒருவர் கிடைக்காமல் இறங்காதீர்கள்.

சபாட்டிக்

ஆண்ட்ரூ சம்லி, எசெக்ஸ்காரர், 1967-இல் பிறந்து 2004-இல் தன் 37-ஆவது பிறந்தநாளன்றே இறந்தார். கல்டஸ் சபாட்டி என்ற சிறு குழு. விட்ச்கள் இரவில் பறந்துபோய்க் கூடியதாகச் சொல்லப்பட்ட கூட்டத்தைக் கனவுக்குள் நடக்கும் நிஜமாக எடுத்துக்கொள்வது இதன் மையம். எழுத்து கடினம், அழகு, குறைவான பிரதிகளாக அச்சிடும் புத்தகங்கள், பழைய பிரதிகள் கைமாறும் விலை சாதாரண ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. குழுவில் அவர்களாக அழைத்தால்தான் இடம். எனவே தேர்வு என்று சொல்ல இங்கே அதிகம் இல்லை. கனவுக் குறிப்பு எழுதும் பழக்கத்தை இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அது ஓசி.

கிழக்கு ஆங்கிலியாவின் தேரை எலும்புச் சடங்கு இந்த வட்டாரத்தில் அடிக்கடி பேசப்படும். தேரையைக் கொன்று எறும்புப் புற்றில் போட்டு, எலும்பை ஓடும் தண்ணீரில் விட்டு, எதிர்நீச்சல் போடும் எலும்பை எடுத்துக்கொண்டால் குதிரைகள் அடங்கும் என்பது அங்கே பழைய பேச்சு. இதற்கு எடுத்ததாகச் சொல்லும் நாட்டர்ஜாக் என்ற தேரை வகை இப்போது பிரிட்டனில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். படியுங்கள், செய்யாதீர்கள். பறக்கும் தைலம் என்று பெல்லடோனா, ஹென்பேன், ஊமத்தை வகைகளைப் பேசுவதற்கும் இதேதான் என் பதில். ஊமத்தையின் குணம் நம் பாட்டிகளுக்கே தெரியும். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று அளவு சொல்ல முடியாத விஷம் அது, காக்ரேன் போன வழியில் இன்னொருவர் போக வேண்டாம்.

இனி இரண்டு விஷயம் மிச்சம் இருக்கிறது, வழி எதுவானாலும் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டியவை.

ஒன்று காசு. நான் ஆரம்பித்த வருடம், பரம்பரை விட்ச் என்று சொன்ன ஒருவருக்கு 300 பவுண்டு கட்டினேன். பாட்டியின் பாட்டியிடமிருந்து வந்தது என்று அனுப்பிய மந்திரங்களில் பாதி, பழைய நாட்டார் கதைத் தொகுப்புகளில் நூலகத்தில் சும்மா கிடப்பவை. வரிக்கு வரி அதே. காசு போனதைவிட, ஆறு மாதம் அதை நம்பிக் கும்பிட்டதுதான் வலித்தது. அதிலிருந்து எனக்கு ஒரு சோதனை: பழசு என்று ஒருவர் சொன்னால், இதை யார் எப்போது எழுதிவைத்தார்கள் என்று கேட்பேன். தெரியாது, எனக்கு இப்படிக் கற்பித்தார்கள் என்று நேராகச் சொல்கிறவரை நம்புவேன். கோபப்படுகிறவரிடமிருந்து விலகிவிடுவேன். 1878-இல் சோமர்செட்டின் வெல்லிங்டன் ஊரில் ஒரு பழைய வீட்டுப் பரணில் இறகுகள் செருகிய கயிறு ஒன்று கிடைத்தது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விட்ச் ஏணி என்று பெயர் வைத்தார்கள், எதற்குப் பயன்பட்டது என்பதில் அப்போதே ஆளுக்கொரு பேச்சு. ஆனால் இன்றைக்கு அதைச் செய்து விற்கிறவர்கள் எத்தனை முடிச்சு, எந்த இறகு எதற்கு என்று அட்டவணையே தருகிறார்கள். அட்டவணை கெட்டதில்லை, அதை யாரோ நேற்று போட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தரலாம்.

இரண்டாவது, சபிப்பது. விக்காவில் விதி தடுக்கிறது, இங்கே தடுப்பார் இல்லை, அதனால் நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஊசி குத்தி உலர்ந்த விலங்கு இதயங்களைப் பழைய வீட்டுப் புகைக்கூண்டுகளில் கண்டெடுத்திருக்கிறார்கள், கேடு வைத்தவளைத் திருப்பி அடிக்க வைத்தது. அந்தக் கேடு வைத்தவள் யார்? பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஏழைக் கிழவி, பால் கேட்டு வந்தவள், கொடுக்காததற்கு முணுமுணுத்தவள். 1612-இல் லங்காஷயரில் பெண்டில் வழக்கில் பத்துப் பேரைத் தூக்கில் போட்டதற்கு, குண்டூசி கேட்டவளுக்கு ஒரு வியாபாரி தர மறுத்த சாலையோரச் சண்டைதான் தொடக்கம். இதைப் படித்த பிறகு நான் யார் மேலும் எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன், காப்புக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேறு மாதிரி முடிவு செய்தவர்களைத் தெரியும், அவர்கள் கொடியவர்கள் கிடையாது. ஆனால் அவர்கள் எல்லாருமே மனசு அமைதியாக இருக்கும்போது முடிவு செய்தவர்கள், கோபம் வந்த இரவில் முடிவு செய்தவர்கள் இல்லை.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். கன்னிங் வழியில் ஒரு வருடம் இரு. நீ இருக்கிற லண்டன் பேட்டையிலேயே ஆரம்பி, தேம்ஸ் கரைக்குப் போ, பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பெயர் படி, அடுத்த தெருவில் ரோவன் மரம் இருக்கா என்று பார், லண்டனில் நிறையவே இருக்கும். கனவை எழுதிவை. வீட்டுப் பூஜை அறையை எடுக்காதே, அங்கே விளக்கேற்றுவதற்கும் இதற்கும் சண்டை இல்லை. வருடம் முடியும்போது கூட நடக்க இரண்டு மூன்று பேர் சேர்ந்திருந்தால் ஸ்டாங் பக்கம் போகலாம், சேரவில்லை என்றாலும் குறைவு எதுவும் இல்லை. "தீட்சை வேண்டாமா அண்ணா?" என்று கேட்டாள். டாம்சின் பிளைட்டுக்கும் ஜேம்ஸ் முரலுக்கும் யாரும் படிப்படியாகத் தீட்சை கொடுத்ததாகத் தெரியவில்லை, வேலை பலித்ததால் ஆட்கள் வந்தார்கள் என்றேன்.

ஈஸ்டர் விடுமுறையில் கார்ன்வால் போகலாம் என்று இருக்கிறாள். பாஸ்காசில் அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், போவதற்கு முன் திறந்திருக்கிற தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பென்ஸான்ஸ் பக்கம் இறங்கினால் மேட்ரன் ஊற்று, சேற்றுப் பாதை, நல்ல செருப்பு வேண்டும். ஊற்றுக்குப் பக்கத்து மரங்களில் துணிக் கீற்றுகள் தொங்கும், நோயுள்ள இடத்தைத் தொட்ட துணியை அங்கே கட்டினால் துணி மக்கும்போது நோயும் போகும் என்பது நம்பிக்கை. இப்போது பலர் நைலான் ரிப்பனும் பிளாஸ்டிக் பையும் கட்டிவிட்டுப் போகிறார்கள், அது மக்கவே மக்காது, கிளையையும் நெரிக்கிறது. பழைய பருத்தி வேட்டியிலோ புடவையிலோ ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள், தளர்வாகக் கட்டுங்கள்.